சாவியைத் திருப்பியும் நிற்காத என்ஜின்: எட்டு ரிலே, பன்னிரண்டு ஃபியூஸ், ஒரு வண்டி

குழாய்களை வளைத்து, வெல்டு வைத்து, நாங்களே எழுப்பிய சேஸிஸ். அதில் பழைய நாலு சிலிண்டர் கார்புரேட்டர் என்ஜின், இரண்டு இருக்கை. கூரை கிடையாது. வெல்டிங் முழுக்கத் தம்பியின் வேலை, வயரிங் என் பொறுப்பு. என்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக முதலில் அவசரத்துக்கு நாலு வயரை இழுத்து ஒப்பேற்றியிருந்தோம். பேட்டரி இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு 1 சதுர மி.மீ. வயர் டேஷ்போர்டுக்கு வந்து, ஸ்விட்ச் வழியாக நேரே ஹெட்லைட்டுக்குப் போனது. பகலில் ஒன்றும் தெரியவில்லை. முதல் இரவு ஓட்டத்தில்தான் வெளிச்சம் மஞ்சளாக, சக்கரத்துக்கு முன்னால் கொஞ்ச தூரத்திலேயே தீர்ந்துபோவதைப் பார்த்தோம். ஸ்விட்சின் முதுகைத் தொட்டேன், சுட்டது.

என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட். ஹெட்லைட் பல்பின் பின்னால் மீட்டரை வைத்தால் 12.7. நடுவில் 1.4 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. கணக்குப் போட்டால் எங்கே போனது என்று தெரிந்துவிடும். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓடும். 1 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.0185 ஓம். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு, அங்கிருந்து முன்விளக்கு என்று நாலரை மீட்டர் போனால் வயரில் மட்டுமே 0.8 வோல்ட் விழுகிறது. மிச்சத்தை ஸ்விட்சும் கனெக்டரும், மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியான எர்த்தும் பங்குபோட்டுக்கொண்டன. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் பத்து சதவீதம்தான் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. டங்ஸ்டன் இழை பல்பில் வோல்டேஜின் மூன்றாம் அடுக்கைவிடவும் வேகமாக வெளிச்சம் மாறும். பத்து சதவீதம் விழுந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். மஞ்சளாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

அன்றைக்கே பழைய வயர் அத்தனையையும் அறுத்துப் போட்டேன். ஒரு துண்டைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பாதி பழசு, பாதி புதுசு என்று செய்த வயரிங்கில் பழுது தேடுவது போன்ற கொடுமை வேறில்லை.

அடுத்த நான்கு நாள் வண்டிப் பக்கமே போகாமல் காகிதத்தில் உட்கார்ந்தேன். வண்டியில் மின்சாரம் தின்னும் எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம்பியர். டிம் விளக்கு ஒன்றுக்கு 4.6, பிரைட் இரண்டுக்கும் சேர்த்து 10, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது 13, பெட்ரோல் பம்ப் 4, இக்னிஷன் காயில் 5, ஹார்ன் ஜோடிக்கு 9, பிரேக் விளக்கு மூன்றரை, பார்க்கிங் விளக்குகள் இரண்டு. ஃபேனுக்கும் பம்புக்கும் விவரத்தாளில் போட்டிருப்பதை வைத்து எழுதாமல், நேரடியாக பேட்டரியில் கொடுத்து, கிளாம்ப் மீட்டரில் அளந்தே எழுதினேன். ஃபேன் கிளம்பும் அந்த அரை விநாடியில் முள் மும்மடங்குக்குத் துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்க்காமல் ஃபியூஸ் போட்டால் வெயிலில், நெரிசலில், என்ஜின் கொதிக்கும் நேரம் பார்த்து ஃபியூஸ் போகும்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால்கூட ஐம்பத்தாறு ஆம்பியரை ஒட்டித்தான் வந்தது. அதனால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பேனலுக்கு 16 சதுர மி.மீ. கேபிள், அதன் தலையில் போல்ட் வைத்து முறுக்கும் 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். அந்த மெயின் ஃபியூஸ் பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஃபியூஸைப் பேனல் பக்கம் வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வரும் இரண்டு மீட்டர் கேபிளைப் பாதுகாப்பில்லாமல் விட்டிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் கேபிள் சேஸிஸில் உரசித் தோல் கிழிந்தால் எரிவதை நிறுத்த அங்கே எதுவுமே இல்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. பல்பையோ மோட்டாரையோ காப்பாற்ற அது வரவில்லை. அதனால் ஃபியூஸின் அளவை வயரைப் பார்த்து முடிவு செய்தேன்: 1.5 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்பியருக்கு மேல் கிடையாது, 2.5க்கு 20, 4க்கு 30. ஃபேனுக்கு 4 சதுர மி.மீ. வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் அப்படி வந்தவைதான்.

ஃபியூஸ் எல்லாம் பிளேடு வகை. 1976இல் இந்த வடிவம் வருவதற்கு முன்னால் பெரும்பாலும் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்தான். அதிர்வில் கிளிப் தளர்ந்து லூஸ் காண்டாக்ட் ஆகும், சூடேறும். பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லிவிடும். பழுப்பு ஏழரை, சிவப்பு பத்து, நீலம் பதினைந்து, மஞ்சள் இருபது, பச்சை முப்பது. இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால்கூடத் தெரியும்.

பேனலை இரண்டு பாதியாகப் பிரித்தேன். ஒரு பாதி பேட்டரியிலிருந்து எப்போதும் உயிருள்ளது. இடது டிம், வலது டிம், பிரைட், ஃபேன், ஹார்ன், பார்க்கிங், பிரேக், சாவிக்குப் போகும் லைன் என்று எட்டு ஃபியூஸ். மறு பாதி சாவி போட்டால் மட்டும் உயிர் பெறுவது. பம்ப், இக்னிஷன் காயில், இண்டிகேட்டரும் கேஜும், பிறகு ரிலேக்களின் சுருளுக்குப் போகும் கண்ட்ரோல் லைன். ரிலே என்பது, உள்ளே இருக்கும் சுருளில் சின்ன மின்சாரம் போனதும் காந்தமாக இழுத்து, பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச். இந்தப் பாதிக்கு மின்சாரம் கொடுப்பது ஒரு ரிலே, இக்னிஷன் ரிலே. சாவி அந்த ரிலேயை மட்டும்தான் இழுக்கும். டிம் விளக்கை இடது வலது என்று பிரித்தது வேண்டுமென்றே. ஒரு ஃபியூஸோ ஒரு ரிலேயோ போனால் பாதி வெளிச்சம்தான் போகும், முழு இருட்டு ஆகாது. வளைவில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்களுக்கு இந்தக் கூடுதல் ரிலே வீண் செலவாகத் தெரியாது.

ரிலே என்றாலே கைநடுங்குபவர்கள் இருக்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் எண்களைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். அவை ஜெர்மனியின் டின் 72552 தரத்திலிருந்து வந்த எண்கள். 30 என்றால் பேட்டரியிலிருந்து வரும் பிளஸ். 87 என்றால் ரிலே இழுத்ததும் வெளியே போகும் முனை. 85, 86 இரண்டும் சுருள். 86இல் பிளஸ், 85இல் எர்த். ஐந்து கால் ரிலேயில் நடுவில் இருக்கும் 87ஏ, ரிலே இழுக்காதபோது 30உடன் சேர்ந்திருக்கும். ஹார்னைத் தவறி 87ஏயில் கொடுத்தால் பேட்டரியை மாட்டிய நொடியிலிருந்து அலறும். அதே தரத்தில் 15 என்றால் சாவி போட்டதும் வரும் லைன், 31 எர்த், 50 செல்ஃப் (ஸ்டார்ட்டர்) லைன். என் வரைபடம் முழுக்க இந்த எண்களிலேயே எழுதினேன். பிறகு யார் பார்த்தாலும் புரியும்.

சுருளின் மின்தடை மீட்டரில் 85 ஓம் காட்டியது. அதாவது 12 வோல்ட்டில் 0.15 ஆம்பியர்கூடத் தேவையில்லை. ரிலே வைப்பதன் முழுப் பயனும் இந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது. முன்பு ஒன்பது ஆம்பியரைத் தாங்கிச் சூடான ஸ்விட்ச், இப்போது ரிலேக்களின் சுருள் மட்டும் என்பதால் அரை ஆம்பியரைக்கூடத் தொடுவதில்லை. தடித்த வயர் டேஷ்போர்டுக்கே வர வேண்டியதில்லை. பேனலிலிருந்து விளக்குக்கு ஒன்றரை மீட்டரில் போய்விடுகிறது. ஆனால் இதே சின்ன எண்தான் பின்னால் என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

சுருளை அணைக்கும்போது அதில் தேங்கியிருந்த காந்தப்புலம் சரிந்து, தலைகீழாக ஒரு வோல்டேஜ் எழும். 12 வோல்ட் வண்டியில் அது நூறு வோல்ட்டைத் தாண்டிப் பாயும். ஸ்விட்சின் முனைகளைக் கருக்கும், பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கும் நல்லதல்ல. அதனால் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடை உள்ளேயே வைத்த ரிலேக்களை எடுத்தேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 85, 86 இடம் மாறினால் டையோடு வழியாக நேரடி ஷார்ட். ஒரு சாக்கெட்டில் அப்படித்தான் மாற்றிப் பின் செருகியிருந்தேன். கண்ட்ரோல் லைனின் 5 ஆம்பியர் ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது.

வயர் முனைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வண்டி வயரிங்கில் முக்கால்வாசிப் பழுது முனைகளில்தான் வருகிறது. நான் முனைகளில் ஈயம் வைக்கவில்லை. ஈயம் உருகும்போது இழைகளுக்கு நடுவே ஏறி, வயரை ஒரு அங்குல நீளத்துக்குக் கம்பியாக இறுக்கிவிடும். அந்த இறுக்கம் முடிந்து மென்மை தொடங்கும் இடத்தில் அதிர்வு மடக்கி மடக்கி ஒவ்வொரு இழையாக ஒடிக்கும். வெளியே தோல் முழுசாக இருக்கும், உள்ளே இரண்டு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் எல்லாம் கிரிம்ப், அதாவது உலோக முனையை வயரின் மேல் அழுத்திக் கவ்வ வைப்பது. ரிலே சாக்கெட்டின் பின்களுக்கு இரண்டு ஜோடி இறக்கை உண்டு. முன் ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க, பின் ஜோடி தோலைப் பிடிக்க. தோலை ஐந்து மி.மீ. உரித்து, இழைகளை முறுக்காமல் நேராக நீட்டி, முன் இறக்கைக்கு அப்பால் ஒரு மி.மீ. எட்டிப்பார்க்கும்படி வைத்து, ராட்செட் கிரிம்பரில் கடைசிச் 'சடக்' வரும்வரை அழுத்த வேண்டும். சாதாரணக் குறட்டில் நசுக்கினால் இறக்கை தட்டையாகும், இழைகளுக்குள் சுருண்டு இறங்காது. ஒவ்வொரு பின்னையும் முடித்ததும் ஒரு கையில் வயர், மறு கையில் பின் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முதல் இருபதில் மூன்று கையோடு வந்தன. அப்புறம் கை பழகிவிட்டது.

வெளியே மழை, சேறு படும் இணைப்புகளுக்கு உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சூடு காட்டியதும் ஸ்லீவ் சுருங்கி, இரு ஓரத்திலும் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி நிற்க வேண்டும். அந்த வளையம் தெரிந்தால்தான் தண்ணீர் போகாது. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் எண் எழுதிய துண்டை ஸ்லீவுக்குள் வைத்தேன். தகட்டுத் துளை வழியாக வயர் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் கிரோமெட், ஒரு சாணுக்கு ஒரு கிளிப். பேனலை மூன்று மி.மீ. அலுமினியத் தகட்டில் ஏற்றி, வயர்கள் கீழிருந்து வந்து சேரும்படி, வளைவு விட்டுத் திருப்பினேன். தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும், பேனலுக்குள் ஏறாது.

பெட்ரோல் பம்பில் நான் அதிக கவனம் வைத்தேன். மின் பம்பைச் சாவியோடு மட்டும் இணைத்துவிட்டால், வண்டி கவிழ்ந்து என்ஜின் நின்றாலும் சாவி போட்டபடியே இருக்கும், பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய் உடைந்திருந்தால் சூடான சைலன்சர் மேலே கொட்டும். அதனால் பம்ப் ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகப் போகிறது. என்ஜின் ஓடினால் ஆயில் அழுத்தம், அழுத்தம் இருந்தால் பம்ப். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். டேஷ்போர்டின் ஆயில் விளக்குக்கு வைக்கும் சாதாரண ஸ்விட்ச் இதற்கு உதவாது. அது அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும், நமக்கு வேண்டியது அழுத்தம் வந்ததும் மூடுவது.

செல்ஃப் அடிக்கும்போது இன்னும் அழுத்தம் வந்திருக்காது. அதனால் சாவியின் 50ஆம் லைனிலிருந்து பம்ப் ரிலேயின் 86க்கு இன்னொரு வயர். இங்கே ஒரு டையோடு இல்லாமல் போனால் ஆபத்து. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஸ்விட்ச் வழியாக வரும் 12 வோல்ட், இந்த வயரில் பின்னோக்கி நடந்து செல்ஃப் ரிலேயை அடையும். அந்தச் சுருளுக்கும் 0.15 ஆம்பியர் போதும். ஓடும் என்ஜினில் ஸ்டார்ட்டர் பல் போய்க் கடித்தால் பல்லும் போகும், ஃப்ளைவீல் ரிங்கும் போகும். டையோடின் வெள்ளைக் கோட்டைப் பம்ப் ரிலே பக்கமாக வைத்துப் பொருத்தினேன்.

எல்லாம் முடிந்த பிறகும் பேட்டரியை நேரே மாட்டவில்லை. மெயின் ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக இணைத்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், அவ்வளவுதான். இரண்டு ஆம்பியருக்கு மேல் அதில் போகவே முடியாது, எந்த வயரும் கருகாது. பன்னிரண்டு ஃபியூஸையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செருகினேன். சாவி லைனைச் செருகிச் சாவியைத் திருப்பியதும் ரிலே 'டிக்' என்றது, பல்பு லேசாகச் சிவந்தது. சரி. கண்ட்ரோல் லைனைச் செருகி விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்தத் திருப்பிச் செருகிய 85, 86 வெளிவந்தது அப்போதுதான். பல்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு தரம் பல்பைத் தாண்டிக் கொடுத்துப் பார்த்தேன், மேலே சொன்ன 5 ஆம்பியர் ஃபியூஸ் போனது அதனால்தான். செய்திருக்கத் தேவையில்லை. பல்பு சொன்னதே போதும்.

ஹெட்லைட்டில் மறுபடி அளந்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1, பல்பின் பின்னால் 13.8. அன்று இரவு சுவரில் அடித்துப் பார்த்தபோது வெளிச்சம் வெள்ளையாக, ஓரம் கூர்மையாக வெட்டி நின்றது. ஸ்விட்சின் முதுகு குளிர்ந்திருந்தது.

பெயின்ட் முடிந்து, பின்விளக்குகளைத் தகட்டில் ஏற்றிய பிறகு முதல் கோளாறு வந்தது. நான் பின்னால் நின்றேன், தம்பி பிரேக்கை மிதித்தான். இரண்டு பிரேக் விளக்கும் பார்க்கிங் விளக்கு மாதிரி மங்கலாகச் சிவந்தன. "இன்னும் நல்லா மிதிடா." "முழுசா மிதிச்சிருக்கேண்ணே. அதை விடு, முன்னாடி பார்க்கிங் லைட் ஏன் எரியுது?" போய்ப் பார்த்தேன். பார்க்கிங் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. அவன் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்னால் இரண்டு சின்ன விளக்கும் ஆரஞ்சாக மினுக்கின.

பின்விளக்கில் இருப்பது 21/5 வாட் இரட்டை இழை பல்பு. இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றுதான், பல்பின் உடம்பு. அந்த எர்த் இல்லாமல் போனால் பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழி தேடும். பக்கத்தில் இருக்கும் 5 வாட் இழை வழியாக ஏறி, பார்க்கிங் லைனில் பின்னோக்கி ஓடி, முன்பக்கப் பார்க்கிங் பல்புகள் வழியாக எர்த்தை அடைந்திருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையைப் பின்விளக்கின் உடம்பிலும் வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் 11.8 வோல்ட். எர்த் என்று நான் நம்பிக்கொண்டிருந்த தகட்டில் கிட்டத்தட்ட முழு பேட்டரியும் நின்றுகொண்டிருந்தது. பவுடர் கோட்டிங் செய்த தகடு, பவுடர் கோட்டிங் செய்த சேஸிஸ், நடுவில் நாலு போல்ட். எங்குமே இரும்பும் இரும்பும் தொடவில்லை. பெயின்டுக்கு முன்னால் சோதித்தபோது எல்லாம் சரியாக எரிந்ததால் மறுபடி பார்க்கத் தோன்றவில்லை.

போல்ட்டடியைச் சுரண்டிவிட்டால் இன்றைக்குச் சரியாகிவிடும், துரு வந்ததும் மறுபடி வரும். அதனால் சேஸிஸை எர்த்தாக நம்புவதையே விட்டேன். முன்னால் ஒன்று, பேனலில் ஒன்று, பின்னால் ஒன்று என எர்த் வயர்களை முறுக்க மூன்று ஸ்டட் போல்ட். ஒவ்வொன்றுக்கும் பேட்டரி மைனஸிலிருந்து தனி கேபிள். ஒவ்வொரு விளக்கின் கறுப்பு வயரும் அதனதன் ஸ்டட்டில் போய் முடிகிறது. என்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் தடித்த கேபிள் ஏற்கெனவே இருந்தது. கேபிள் முனை வளையத்துக்கு (லக்) அடியில் பல் வாஷர், முறுக்கிய பிறகு மேலே வாசலின். அதே சோதனையை மறுபடி செய்தபோது மீட்டர் 0.04 காட்டியது.

இரண்டு நாள் கழித்து முழு ஓட்டம். தம்பி நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினான். நான் பானட்டைத் திறக்கப் போனேன்.

"அண்ணே, சாவியை எடுத்துட்டேன். இன்னும் ஓடுது!"

சாவி அவன் கையில் இருக்கிறது. என்ஜின் நிதானமாக ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கிறது. இக்னிஷன் காயில் ஃபியூஸைப் பிடுங்கினேன், நின்றது. முதல் சந்தேகம் ரிலேயின் முனைகள் வெல்டாகி ஒட்டிக்கொண்டதோ என்று. மறுபடி ஸ்டார்ட் செய்து, சாவியை எடுத்து, ஓடும்போதே இக்னிஷன் ரிலேயை உருவினேன். நின்றது. ரிலேயைக் கையில் வைத்து 30க்கும் 87க்கும் நடுவே மீட்டர் வைத்தால் திறந்திருக்கிறது. ஒட்டவில்லை. அப்படியென்றால் யாரோ அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாவி ஸ்விட்சைச் சந்தேகித்தேன். அதன் பின்னாலிருந்த கனெக்டரை முழுசாகக் கழற்றினேன். அப்போதும் ஓடியது. சாவி ஸ்விட்சே வண்டியில் இல்லை, ஆனாலும் 15ஆம் லைனில் மீட்டர் 8.9 வோல்ட் காட்டியது. 12 இல்லை, 14 இல்லை, 8.9. இந்த அரைகுறை எண்ணைப் பார்த்ததும்தான் பிடி கிடைத்தது. எதையோ தாண்டி, எதிலோ பாதியை இழந்து வருகிற மின்சாரம் இது. தம்பி டேஷ்போர்டைக் காட்டினான். "இந்தச் சிவப்பு லைட் லேசா எரியுது பாரேன்." சார்ஜ் விளக்கு.

சார்ஜ் விளக்கின் ஒரு முனை, என்ஜினோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்குப் போகிறது. மறு முனைக்குச் சாவி லைன் வேண்டும். டேஷ்போர்டில் சாவிக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்ததால் அங்கேயே, 15ஆம் வயரிலேயே கிள்ளி எடுத்திருந்தேன். அதே வயரில்தான் இக்னிஷன் ரிலேயின் 86உம் இருக்கிறது. சாவி போட்டு என்ஜின் நிற்கும்போது மின்சாரம் சாவியிலிருந்து விளக்கு வழியாக ஆல்டர்னேட்டருக்குப் போகும், விளக்கு எரியும். என்ஜின் ஓடும்போது டி பிளஸிலும் 14 வோல்ட் வந்துவிடும், இரு பக்கமும் சமம், விளக்கு அணையும். சாவியை எடுத்ததும்? ஆல்டர்னேட்டர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, டி பிளஸில் 14 வோல்ட் இருக்கிறது. அது விளக்கு வழியாகத் திரும்பி வந்து ரிலே சுருளில் இறங்குகிறது. 8.9 வோல்ட்டை 85 ஓமால் வகுத்தால் 0.1 ஆம்பியர். 2 வாட் விளக்கில் ஐந்து வோல்ட் விழுந்தால் ஓடக்கூடிய மின்சாரமும் அதே அளவுதான். இழுப்பதற்குத்தான் ரிலேக்கு ஏழெட்டு வோல்ட் வேண்டும், இழுத்ததைப் பிடித்து வைத்துக்கொள்ள அதில் பாதிகூட வேண்டாம். ரிலே பிடித்திருப்பதால் இக்னிஷன், இக்னிஷன் இருப்பதால் என்ஜின், என்ஜின் ஓடுவதால் ஆல்டர்னேட்டர், ஆல்டர்னேட்டர் இருப்பதால் ரிலே.

டி பிளஸ் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை எடுத்தோம், உடனே நின்றது. செல்ஃப் லைனில் இதே வகை ஆபத்தை எண்ணி டையோடு போட்ட நான், ஒரு சின்ன விளக்கு வழியாக அது வரும் என்று எண்ணவில்லை. வரைபடத்தில் அந்த விளக்கை ஒரு ஓரத்தில் தனியாக வரைந்திருந்தேன். ரிலேயோடு சேர்த்து ஒரே சுற்றாக வரைந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

விளக்கு வயரில் ஒரு டையோடு வைத்தாலும் தீர்ந்துவிடும். எனக்கு இன்னொரு பாகத்தைச் சேர்க்க மனமில்லை. விளக்கை 15ஆம் வயரிலிருந்து எடுத்து, ரிலேக்கு அப்பால் இருக்கும் கேஜ் ஃபியூஸுக்கு மாற்றினேன். இப்போது சாவியை எடுத்தால் சுருளுக்குப் போக வேறு வழியே இல்லை. விளக்கு வழியாக வரும் சொற்ப மின்சாரம் இக்னிஷன் காயிலைத் தாங்கி நிற்கப் போதாது. இதைச் செய்கிறவர்கள் அந்த விளக்கை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றிவிடாதீர்கள். இந்த வகை ஆல்டர்னேட்டர் முதலில் விழித்துக்கொள்வது அந்த 2 வாட் பல்பு வழியாகப் போகும் மின்சாரத்தில்தான். எல்.இ.டி. வைத்தால் அது போதாமல், சார்ஜே ஏறாமல் போகலாம்.

அதன் பிறகு பத்து தரம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினான். ஹெட்லைட் போட்டு, ஃபேன் ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி, இண்டிகேட்டர் அடித்தபடி என்று விதவிதமாக. ஒவ்வொரு தரமும் சாவியோடு நின்றது. இரவு பேட்டரி மைனஸைக் கழற்றி நடுவே மீட்டர் வைத்தேன், 4 மில்லி ஆம்பியர். ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றியதும் அதுவும் போனது. அது ஆல்டர்னேட்டரின் டையோடு கசிவு, பேட்டரிக்கு ஒரு பொருட்டில்லை.

வரைபடத்தைத் திருத்தி, சார்ஜ் விளக்கையும் இக்னிஷன் ரிலேயையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பேனல் மூடியின் உட்புறத்தில் ஒட்டினேன். பக்கத்தில் நிறத்துக்கு இரண்டாக மாற்று ஃபியூஸ், ஒரு மாற்று ரிலே, அந்த 21 வாட் பல்பும் அதன் இரண்டு வயரும்.